போர்வையும் புத்தகமும்



உரோமைச் சிறையில் விலங்கிடப்பட்டுக் கிடந்த முதியவர் ஒருவர், தம் முடிவு நெருங்கிவிட்டதை நன்கு அறிந்திருந்தும், தொலைவிலிருந்த தம் சீடருக்கு வரைந்த மடலில் இரண்டு பொருள்களைக் கேட்டு எழுதினார். ஒன்று, துரோவா நகரில் நண்பர் ஒருவரிடம் விட்டு வந்த போர்வை. மற்றொன்று, அங்கே விட்டு வந்த நூல்கள். அவற்றுள்ளும் சிறப்பாகத் தோற்சுருள்கள். குளிர்காலம் தொடங்குமுன் வந்து சேரும்படியும் கேட்டுக்கொண்டார். எழுதியவர் புனித சின்னப்பர். மடலைப் பெற்றவர் திமொத்தேயு.

நாளை தலை வெட்டப்படலாம் என்ற நிலையில் இருப்பவருக்கு நூல்கள் எதற்கு? குளிரில் நடுங்கும் உடலுக்குப் போர்வை தேவை. அதைப்போலவே சிந்திக்கும் உள்ளத்திற்கு நூல் தேவை. முதலில் போர்வை வரட்டும், நூலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் எழுதவில்லை. இரண்டையும் ஒரே வரியில் கேட்டார். இத்திங்கள் நாம் சொல்ல வந்த செய்திக்கு இதைவிடத் தகுந்த முன்னுரை கிடைக்காது. நாம் சொல்ல வந்தது நம் ஊர்களிலுள்ள பொது நூலகங்களைப் பற்றி.

கோவில் ஏட்டில் நூலகத்திற்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். மக்கபேயர் இரண்டாம் நூலின் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பார்க்குமாறு அவர்களை வேண்டுகிறோம். நெகேமியா ஒரு நூலகத்தை நிறுவி அரசர்களையும் இறைவாக்கினரையும் பற்றிய ஏடுகளை அதில் சேர்த்து வைத்தார் என்றும், போரினால் சிதறிப்போன நூல்களை யூதா மக்கபே மீண்டும் திரட்டினார் என்றும் அங்கே காண்கிறோம். நகரின் மதிலைக் கட்டியவரே நூலகத்தையும் கட்டினார். ஆலயத்தை மீட்டவரே ஏடுகளையும் மீட்டார். நூல்களைக் காப்பது இறைமக்களின் பழம்பெரும் கடமைகளுள் ஒன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

கைக்கெட்டும் இடத்தில் ஒரு நூல் இருப்பதும் இல்லாதிருப்பதும் எத்தகைய வேறுபாட்டை விளைவிக்கும் என்பதற்குப் புனித இஞ்ஞாசியாரின் வாழ்வு ஓர் எடுத்துக்காட்டு. 1521-ஆம் ஆண்டு பாம்ப்லோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டினால் கால் முறிந்து, லொயோலாவிலுள்ள தம் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்த அப்போர்வீரர், பொழுதுபோக்கிற்காக வீரர்களைப் பற்றிய கதைகளைக் கேட்டார். அவ்வகை நூல் ஒன்றும் அவ்வீட்டில் இல்லை. இருந்தவை கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் வரலாறும் மட்டுமே. வேறு வழியின்றி அவற்றைப் படித்தார், படித்தவர் மாறினார். அவர் தொடங்கிய இயேசு சபை 1540-இல் திருத்தந்தையின் ஒப்புதலைப் பெற்றது. 1542-இல் புனித சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவருக்குப் பின் அங்கு உழைத்த அதே சபையின் என்றிக்கே என்றீக்கஸ் அடிகளார் நம் மொழியைக் கற்றார். அவர் மொழிபெயர்த்த 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சேறியது. இந்திய மொழியொன்றின் எழுத்துகளில் இந்திய மண்ணிலே அச்சான முதல் நூல் அதுவே. ஒரு நோயாளியின் படுக்கையருகே இருந்த இரண்டு நூல்களின் பயன் கடல் கடந்து தமிழ் அச்சு வரைக்கும் வந்து சேர்ந்தது!

ஆனால் லொயோலா ஒரு பிரபுவின் மாளிகை. நூல் வாங்கும் வசதி அங்கே இருந்தது. அவ்வசதியற்ற வீட்டில் கால் முறிந்து கிடப்பவனுக்கு நூலைக் கொண்டுவந்து தருபவர் யார்? இந்த வினாவுக்கு விடையாகத்தான் பொது நூலகம் தோன்றியது.

நம் நாட்டில் அவ்விடையை வகுத்துத் தந்தவர்களுள் தலையாயவர், 1892-இல் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். இரங்கநாதன். கணிதப் பேராசிரியராக இருந்த அவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்று, நூலகக் கலையைக் கற்க இலண்டனுக்குச் சென்றார். ஆங்கிலேய நாட்டின் ஊர் நூலகங்களில் தொழிலாளியும் குழந்தையும் இல்லத்தரசியும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து படிப்பதைக் கண்டு, இவ்வழக்கம் நம் மண்ணிலும் வேரூன்ற வேண்டுமென்று உறுதி பூண்டு திரும்பினார். நூல்கள் பூட்டிவைப்பதற்கன்று, பயன்படுத்துவதற்கே என்பது அவர் கொள்கையின் அடிப்படை. 1931 அக்டோபர்த் திங்களில், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில், மாட்டு வண்டியொன்றில் நூல்களை அடுக்கி ஊர் ஊராகக் கொண்டு சென்று உழவர்களுக்குக் கொடுக்கும் திட்டம் தொடங்கப்பட்டபோது அதைத் தொடங்கிவைத்தவரும் அவரே. நூலகத்தைத் தேடி வர இயலாதவனை நூலகமே தேடிச் சென்றது. காணாமற்போன ஆட்டைத் தேடிச் சென்ற ஆயனின் உவமையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அவ்வண்டியின் பொருள் எளிதில் விளங்கும்.

அவருடைய இடைவிடாத முயற்சியாலும், அந்நாளில் கல்வியமைச்சராக இருந்த அவினாசிலிங்கம் செட்டியாரின் ஆதரவாலும், 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் நூலகங்களுக்கென இயற்றப்பட்ட முதற்சட்டம் அது. இன்று தமிழகத்திலுள்ள மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என 4,000-க்கும் மேற்பட்ட நூலகங்கள் இச்சட்டத்தின் நிழலில் இயங்குகின்றன.

இச்சட்டத்தில் உள்ள ஒரு செய்தியை நம் வாசகர்கள் ஒவ்வொருவரும் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நூலகத்திற்கென்று தனி வரியுண்டு. நாம் செலுத்தும் வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகச் சேர்த்து வாங்கப்படுகிறது. 600 ரூபாய் வீட்டு வரி கட்டுகிறவர் 60 ரூபாயை நூலகத்திற்கென்றே கட்டுகிறார். இத்தொகையை வசூலிப்பது ஊராட்சியும் பேரூராட்சியும் நகராட்சியும் மாநகராட்சியும். ஆனால் அது அவற்றின் பணமன்று. வசூலித்து, மாவட்டத்தின் நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டியது அவற்றின் கடமை. அங்கே சேர்ந்த நிதியிலிருந்துதான் நூலகங்கள் நடைபெற வேண்டும்.

இவ்வேற்பாட்டின் அழகைச் சற்றே எண்ணிப் பாருங்கள். மாடி வீடுகள் நிறைந்த நகரத்தில் வரி மிகுதியாகச் சேரும். ஓலைக் குடிசைகள் நிறைந்த குக்கிராமத்தில் ஏதும் சேராது. இரண்டும் மாவட்ட அளவில் ஒரே பெட்டியில் விழுவதால், நகரத்து மாடி வீட்டின் காசில் குக்கிராமத்துச் சிறுவன் படிக்கிறான். மக்கதோனியாவிலும் கொரிந்திலும் காணிக்கை திரட்டி எருசலேமின் வறிய மக்களுக்கு அனுப்பி வைத்த சின்னப்பரின் ஏற்பாட்டை இது நினைவூட்டவில்லையா? ஒருவருடைய நிறைவு மற்றவருடைய குறைவை ஈடுசெய்ய வேண்டும் என்ற அதே நெறிதான்.

இனி, வருந்தத்தக்க பகுதிக்கு வருவோம். வசூலான நூலக வரி முழுவதும் உரிய காலத்தில் ஆணைக்குழுவிடம் சென்று சேர்வதில்லை. உள்ளாட்சி அமைப்புகள் பல, பெருந்தொகையைப் பாக்கி வைத்திருக்கின்றன என்னும் செய்தி பல்லாண்டுகளாகவே நாளேடுகளில் வந்தவண்ணம் இருக்கிறது. சாலைக்கும் சாக்கடைக்கும் சம்பளத்திற்கும் பணம் போதாதபோது, கையிலிருக்கும் நூலகக் காசு கண்ணில் படுகிறது. கடனாக எண்ணி எடுக்கப்பட்டது கடனாகவே நின்றுவிடுகிறது. எந்தக் கட்சியையும் நாம் ஈண்டுக் குறை கூற முற்படவில்லை. இந்நோய் ஆட்சிகள் மாறியும் மாறாத நோய்.

பணம் வராத நூலகம் ஒரே நாளில் மூடப்படுவதில்லை. அது சாவது படிப்படியாக. ஓய்வு பெற்ற நூலகரின் இடம் நிரப்பப்படாமல், பக்கத்து ஊர் நூலகரே இரண்டு இடங்களைப் பார்த்துக்கொள்கிறார். திறந்திருக்கும் நேரம் குறைகிறது. பின்னர் புதிய நூல்கள் வருவது தடைப்படுகிறது. மழையில் கூரை ஒழுகி அலமாரியின் மேல்தட்டு நூல்கள் ஒட்டிக்கொள்கின்றன. வந்துகொண்டிருந்தவர்கள் இரண்டு முறை பூட்டிய கதவைக் கண்டு திரும்பிய பின் மூன்றாம் முறை வருவதில்லை. இறுதியில் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கும் அதிகாரி, "இங்கு எவரும் வருவதில்லை" என்று எழுதுகிறார். நூலகத்தைப் பட்டினி போட்டவர்களே அது மெலிந்திருப்பதைக் காரணம் காட்டி அதைப் புதைக்கிறார்கள்.

இது ஏழை நாட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. இரங்கநாதன் எந்த நாட்டின் நூலகங்களைக் கண்டு வியந்தாரோ அதே பிரித்தானியாவில், 2010-ஐ அடுத்த பத்தாண்டுகளுக்குள் ஏறத்தாழ 800 நூலகங்கள் மூடப்பட்டன. நடுவணரசு உள்ளாட்சிகளுக்கு அளித்துவந்த மானியத்தைக் குறைத்தது. முதியோர் பராமரிப்பா, நூலகமா என்ற கேள்வி எழுந்தபோது நூலகத்தின் மீதே கத்தி விழுந்தது. நூலகச் சேவை நடத்துவது உள்ளாட்சிகளின் கடமை என்று 1964-ஆம் ஆண்டின் சட்டம் அங்கே இன்றும் கூறிக்கொண்டுதான் இருக்கிறது. இலண்டனில் கென்சல் ரைஸ் என்னும் பகுதியில், எழுத்தாளர் மார்க் துவைன் 1900-இல் தொடங்கி வைத்த நூலகமும் 2011-இல் மூடப்பட்டவற்றுள் ஒன்று. அப்பகுதி மக்கள் வழக்காடினார்கள், தோற்றார்கள், ஆயினும் சோர்ந்துவிடாமல், பின்னர்த் தொண்டர்களைக் கொண்டே அங்கே மீண்டும் ஒரு நூலகத்தை ஏற்படுத்தினார்கள். சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது, அதைக் கேட்டுப் பெற மக்களும் வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் கற்கும் பாடம்.

நம்மிடையேயும் மக்கள் கேட்டு ஒரு நூலகம் நிலைத்ததுண்டு. 2010 செப்டம்பரில் சென்னை கோட்டூர்புரத்தில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தை இடம் மாற்றி, அக்கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக்கப் போவதாக 2011 நவம்பரில் அறிவிப்பு வந்தது. எழுத்தாளர்களும் வாசகர்களும் எதிர்த்துக் குரல் எழுப்பினார்கள், வழக்குத் தொடரப்பட்டது, உயர்நீதிமன்றம் தடை விதித்தது. அந்நூலகம் இன்றும் அதே இடத்தில் நிற்கிறது. தலைநகரின் பெரிய நூலகத்திற்காகப் பேசப் பலர் இருந்தார்கள். ஆனால் நம் பங்கின் கிளைக் கிராமத்திலுள்ள ஓரறை நூலகத்திற்காகப் பேச யார் இருக்கிறார்கள்?

2006-இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ், 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் நூலகம் அமைக்கும் பெரும்பணி மேற்கொள்ளப்பட்டது. அவற்றுள் ஒன்றை, மாதப் பூசைக்குச் செல்லும் சிற்றூர் ஒன்றில் நாம் அடிக்கடி பார்க்கிறோம். நல்ல கட்டடம். பெயர்ப்பலகையும் இருக்கிறது. கதவில் துருப்பிடித்த பூட்டு. சன்னல் வழியே நோக்கினால் நூற்கட்டுகளுக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குழாய்களும் தெருவிளக்குச் சாமான்களும் கிடக்கின்றன. காரணம் கேட்டபோது, அலுவலகத்தில் கிடைத்த பதில், "யாரும் படிக்க வருவதில்லை" என்பது. அதே கேள்வியை, பூசை முடிந்து வெளியே வந்த தாய் ஒருவரிடம் கேட்டோம். "திறந்தால்தானே சாமி போவதற்கு?" என்றார் அவர். இவ்விரண்டு பதில்களுக்கு நடுவில்தான் அந்தப் பூட்டு தொங்கிக்கொண்டிருக்கிறது.

இவ்விடத்தில் யாழ்ப்பாணத்தை நினையாதிருக்க நம்மால் இயலவில்லை. 1933-இல் சிறு அளவில் தொடங்கிய யாழ்ப்பாணப் பொது நூலகம், மக்களின் காணிக்கையால் வளர்ந்து, 1959-இல் பெருங்கட்டடம் பெற்றது. அதற்கு ஆலோசனை வழங்கியவர் நம் இரங்கநாதன். அது எழும்ப உழைத்தவர்களுள் ஒருவர் புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராயிருந்த லோங் அடிகளார். 1981 மே 31-ஆம் நாள் இரவில் தொடங்கிய வன்செயலில் அந்நூலகம் தீக்கிரையானது. ஏறத்தாழ 97,000 நூல்கள், அரிய சுவடிகளோடு சாம்பலாயின. பன்மொழிப் புலவரும் குருவுமான தாவீது அடிகளார், நூலகம் எரிவதைக் கண்ட அதிர்ச்சியைத் தாங்கமாட்டாமல் உயிர் நீத்தார். நூல்களுக்காக உயிரையே விடுமளவு அவற்றை நேசித்த குரு ஒருவர் நம் திருச்சபையில் வாழ்ந்தார்!

எரிந்த அந்நூலகம் பின்னர் மீண்டும் கட்டியெழுப்பப்பட்டது. ஏனெனில் அதை இழந்ததாக ஒரு மக்களினமே உணர்ந்தது. நெருப்பு கண்ணுக்குத் தெரிகிறது. அது நெஞ்சைச் சுடுகிறது. துருப்பிடித்த பூட்டு எவரையும் சுடுவதில்லை. அதனால்தான் அது நெருப்பைவிட ஆபத்தானது என்கிறோம்.

இந்த இழப்பு யாருடையது? நூல் வாங்கும் வசதியுள்ள நமக்கன்று. ஓரறை வீட்டில் தொலைக்காட்சியின் ஓசைக்கும் அடுப்புப் புகைக்கும் நடுவே பாடம் படிக்க இடமில்லாத மாணவிக்கு, ஒரு மேசையும் ஒரு மின்விசிறியும் அமைதியும் இழப்பு. அரசுத் தேர்வுக்கு ஆயத்தமாகும் இளைஞனுக்கு, பயிற்சி நிலையத்தில் ஆயிரக்கணக்கில் கேட்கும் நூல்கள் இழப்பு. மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் பகல் முழுதும் தனித்திருக்கும் முதியவருக்கு, நாளேடும் நான்கு மனிதர் முகமும் இழப்பு. காசில்லாமல், சாதி கேட்காமல், சமயம் கேட்காமல், உள்ளே வந்து அமர் என்று சொல்லும் இடங்கள் ஓர் ஊரில் எத்தனை இருக்கின்றன? இரண்டாம் வத்திக்கான் சங்கம், 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டில், கல்வியும் பண்பாடும் பெறுவது எல்லா மனிதருக்கும் உரிமை என்று வலியுறுத்தியது. அவ்வுரிமை நம் தெருவில் எடுத்திருக்கும் வடிவமே நூலகம்.

கைபேசியில் எல்லாம் கிடைக்கும்போது நூலகம் எதற்கு என்று கேட்போருண்டு. கைபேசியில் கிடைப்பது பெரிது, மறுக்கவில்லை. ஆனால் அக்கருவி நம் பிள்ளைகளை ஒரு பக்கத்தில் நிற்க விடுகிறதா? ஒன்றைத் தொடங்குமுன் மற்றொன்றைக் காட்டி இழுத்துச் செல்வதே அதன் தொழிலாயிருக்கிறது. நூலோ பொறுமையைக் கேட்கிறது, கேட்டுப் பழக்குகிறது. ஓர் இலக்கிய நூலைப் படிப்பதனால் பிறர் துயரை உணரும் உள்ளம் விரிவடைகிறது என்பதை வலியுறுத்தி, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2024-ஆம் ஆண்டில் ஒரு தனி மடலே வரைந்தார். செபத்திற்கு வேண்டிய நிலைத்த மனமும் படிப்பிற்கு வேண்டிய நிலைத்த மனமும் உடன்பிறப்புகள். ஒன்றை இழந்த வீட்டில் மற்றொன்று நெடுநாள் தங்காது.

வேறு சிலர், பசித்தவனுக்குச் சோறு கொடுப்பதை விட்டு நூல் கொடுப்பதா என்பர். அவர்களுக்குத்தான் சின்னப்பரின் மடலை நினைவூட்டினோம். போர்வையா, புத்தகமா என்று பிரித்துக் கேட்பது அறமன்று. ஏழைக்குச் சோறு மட்டும் போதும் என்று முடிவு செய்ய நாம் யார்?

எனவே, நம் குடும்பங்கள் செய்யத்தக்கவை சிலவற்றைக் கூறி முடிப்போம்.

முதலாவது, உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலகத்திற்காக நீங்கள் கட்டிய தொகை எவ்வளவு என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நூலகம் அரசின் தருமமன்று, நம் பணத்தில் நடப்பது என்பதை அவர்கள் அறியட்டும்.

இரண்டாவது, வீட்டிலுள்ள அனைவரும் உறுப்பினராகுங்கள். அதற்குரிய கட்டணம் சிறிதே. சென்ற நாளெல்லாம் பதிவேட்டில் கையெழுத்திடத் தவறாதீர்கள். எவரும் வருவதில்லை என்று எழுத நினைக்கும் பேனாவை அக்கையெழுத்துகளே தடுக்கும்.

மூன்றாவது, நூலகத்தில் இயங்கும் வாசகர் வட்டத்தில் சேருங்கள். வசதியுள்ளோர் 1,000 ரூபாய் செலுத்திப் புரவலராகலாம். பிறந்தநாளுக்கும் முதல் நற்கருணை விழாவுக்கும் செலவிடுவதில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கலாகாதா?

நான்காவது, கிராமசபை கூடும் நாளில் எழுந்து நின்று மூன்று வினாக்களைப் பணிவோடு கேளுங்கள்: இவ்வாண்டு வசூலான நூலக வரி எவ்வளவு? அதில் ஆணைக்குழுவுக்குச் செலுத்தியது எவ்வளவு? நம் ஊர் நூலகம் நாளொன்றுக்கு எத்தனை மணி திறந்திருக்கிறது? பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். இந்து, இசுலாமிய அயலாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். இது எல்லாருக்கும் பொதுவான நற்காரியம்.

ஐந்தாவது, புனித ஆசீர்வாதப்பர் தம் துறவிகளுக்கு வகுத்த ஒழுங்கொன்றைக் குடும்ப வழக்கமாக்குங்கள். தவக்காலத் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் நூலகத்திலிருந்து ஒரு நூலைப் பெற்று, இடையில் விடாமல் முதலிலிருந்து முடிவுவரை படிக்க வேண்டும் என்பது அவருடைய விதி. படிக்காமல் சோம்பித் திரிவோரைக் கண்காணிக்க முதியோர் ஒருவரையோ இருவரையோ அமர்த்தவும் அவர் பணித்தார்! நம் வீடுகளில் அப்பொறுப்பைப் பாட்டனாரும் பாட்டியாரும் மகிழ்வோடு ஏற்பார்கள்.

இவற்றுள் எதுவும் நம்மால் இயலாதன்று. பெரும் பொருளும் வேண்டியதில்லை. சின்னப்பரின் போர்வையும் நூல்களும் அவரிடம் வந்து சேர்ந்தனவா என்பதைத் திருமறை கூறவில்லை. ஆனால் நம் ஊரில் குளிரோடும் அறியாமையோடும் ஒருங்கே போராடும் எளியவர்களுக்கு அவை வந்து சேர்ந்தனவா என்பது நம் கையில் இருக்கிறது. வரும் ஞாயிறு பூசை முடிந்து வீடு திரும்பும் வழியில், உங்கள் ஊர் நூலகத்தின் கதவு திறந்திருக்கும் நேரம் எதுவென்று அதன் பலகையைப் படித்துவிட்டுச் செல்லுங்கள். அந்த நேரத்தில், பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு, மீண்டும் அங்கே செல்லுங்கள்.

இறைவனின் ஆசீர் உங்கள் இல்லங்களில் தங்குவதாக.